இருநூறு தோட்டா வைத்தியம்

அமெரிக்காவில், ஓசார்க் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த இரும்புக்கடையில் துப்பாக்கிக் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவர் வெர்லின் டாக்கெட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவரும் அவர்தான். அதனால் அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் பாதி ஊர் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டது.

ஊர்ப் பெண்களுக்கு அவர் அதிகம் விற்றது மலிவு விலை ரிவால்வர் ஒன்றை. அத்தனை லேசு, கைப்பையில் போட்டால் போட்டதே மறந்துபோகும். சுடும்போது மட்டும் சில சமயம் அதற்கே தன் வேலை மறந்துபோகும். தோட்டா போடும் உருளை சுற்றாது, விசை இறுகும், 'டொக்' என்று ஒரு சத்தம் வந்து அத்தோடு நிற்கும். எல்லாவற்றுக்கும் வெர்லினிடம் ஒரே மருந்து. "புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். இருநூறு தோட்டா சுட்டுப் பாருங்க, தன்னால வழிக்கு வந்துரும்." தோட்டாவும் அவரிடமே கிடைக்கும். அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால், "உங்க மணிக்கட்டுலதான் பலம் பத்தல" என்பார்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள் என்று சொல்வோம். இந்த ஊர்ப் பெண்களோ கோணல் கூடத்தில் விழுந்து எழுந்து தங்கள் காலைக் குறை சொல்கிறவர்கள். சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவரிடம் 'நீ விற்றது சரியில்லை' என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை ட்வைலா ஆஷ்கிராஃப்ட் கெந்திக்கெந்தி வந்தாள். மலைவீடுகளுக்குத் தனியாகப் போய் வயோதிகர்களைக் கவனிக்கும் நர்ஸ். கெண்டைக்காலில் கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"ஹாட்ச்சர் வீட்டுச் சந்துல ஒரு நாய். ரெண்டு தடவ சுட்டேன், படல. மூணாவது தடவ உருளை சுத்தவே மாட்டேன்னுருச்சு. கடிச்சிருச்சு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "என் கைதான் சரியில்ல போல. இருநூறு தோட்டா குடுங்க, பழகிக்கிறேன். திங்கக்கிழமை மறுபடி அங்கதான் போகணும்."

அவள் திட்டியிருந்தால் வெர்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் சரளைப் பள்ளத்துக்குப் போனார். மூன்று சுட்டார். நாலாவதுக்கு உருளை நின்றுவிட்டது. உற்றுப் பார்த்தார். லேசான துப்பாக்கி உதைத்த உதையில், சுடாத தோட்டாவின் முனையிலிருந்த குண்டு முன்னால் நழுவி வந்து துப்பாக்கிச் சட்டத்தில் முட்டி, உருளையைச் சுற்றவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. இது பழகப் பழகச் சரியாகிற இறுக்கம் இல்லை. இருநூறு என்ன, இரண்டாயிரம் சுட்டாலும் இது இப்படித்தான்.

உள்ளே வந்து, அந்த ரிவால்வரைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணின் குரலில் தேன் வழிந்தது.

"புதுசு இல்லையா சார், அப்படித்தான் இருக்கும். இருநூறு தோட்டா சுட்டுப் பாருங்க, தன்னால வழிக்கு வந்துரும்."

தன் அனுபவத்தில் விளைந்த வாக்கு என்று அவர் இத்தனை வருஷம் நம்பியிருந்தது அப்படியே, ஒரு சொல் பிசகாமல் வந்தது. கம்பெனி விற்பனைக்காரன் எவனோ எப்போதோ காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"அதெல்லாம் இல்லம்மா, இப்பத்தான் நானே சுட்டுப் பாத்தேன்."

"அப்ப நீங்க பிடிக்கிறது தளர்வா இருக்கும் சார். சில பேருக்குக் கையில பலம் இருக்காது."

"என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல!"

அவர் கத்திய கத்தில் தூண்டில் முள் வாங்க வந்திருந்த லீலண்ட் கூடத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப என் கையிலயும் இல்லையா?" என்றாள் ட்வைலா, மெதுவாக.

வெர்லின் போனை வைத்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. இடுப்பிலிருந்த தன் பழைய எஃகு ரிவால்வரை உறையோடு கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"இல்லம்மா. இருந்ததே இல்ல. இத எடுத்துட்டுப் போ."

"அம்மாடி, கல்லு மாதிரி கனக்குதே!"

"கனக்கும். ஆனா சுடும்."

அவள் போனபிறகு லீலண்ட் முன்னால் வந்தான். முள்ளைக் கவுண்டரில் வைக்கவில்லை.

"வெர்லின், என் பொண்டாட்டிக்கு மணிக்கட்டுல பலமில்லன்னு சொன்னீங்களே? அவ பாவம், குளிர்காலம் பூரா பிஸ்கட் மாவு பிசைஞ்சு பிசைஞ்சு பலம் ஏத்திக்கிட்டிருக்கா."