ஜல்லி ஏறும் காருக்கு ஒரு மலிவுப் பெட்டி

விசைத்தறியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையெல்லாம் கிடையாது. கைப்பிடியைத் தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடம் நாலு தறி ஓட்டியவன் நான். ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் இருப்பதைப் பற்றி யோசித்ததே இல்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு பொம்மைக் கார் வந்து யோசிக்க வைத்தது.

பொம்மை என்று சொன்னால் என் தங்கை மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். அது கிராலர். கல், மேடு, பள்ளம் எதிலும் ஆமை வேகத்தில் ஏறுகிற ரிமோட் கார். துபாயிலிருந்து கொண்டுவந்து, லீவு முழுக்க விளையாடி, உள்ளே எதுவோ புகைந்ததும் எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதன் ரிமோட் துப்பாக்கி வடிவத்தில் இருக்கும். ஆள்காட்டி விரலால் விசையை இழுக்க இழுக்க வேகம் கூடும்.

அந்த விரல்தான் எனக்குப் பிரச்சினை. பெல்ட்டில் பஞ்சு சிக்கியதைத் தறியை நிறுத்தாமல் எடுக்கப் போனேன். என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. அறுந்த நரம்பைத் திருநெல்வேலியில் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்கவும் செய்கிறது. ஆனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை. “மெதுவா அழுத்தி மெதுவா விடுங்க. ஆறு மாசம் பார்ப்போம்” என்றார் டாக்டர்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் முடிச்சுப் போட அந்த விரல் வேண்டும். இழுப்பு ஒரு துளி கூடினால் பக்கத்து இழையும் சேர்ந்து போகும். முதலாளி என் தறிகளில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவரைப் போட்டிருந்தார். “நீரு வாரது வரைக்கும்தான் வே” என்று என்னிடம் சொன்னார்.

ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி அலுத்துப்போனபோதுதான் பரணில் கிடந்த கார் நினைவுக்கு வந்தது. விரலுக்கு நல்ல வேலை. புகைந்தது ஈஎஸ்சி என்று தெரிந்துகொண்டேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி. விரல் சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுவது அதன் வேலை.

போனில் தேடினால் இரண்டு வகை வந்தது. ஒன்று ரேஸ் கார்களுக்கானது. மலிவு. மேலே குட்டி ஃபேன், நெற்றியில் முன்னூற்றிருபது ஆம்பியர் என்று பெரிய எழுத்து. கல்யாண பேனரில் போடும் பட்டங்களைப் போலத்தான் அந்த எண்ணும் என்று வாங்கியவர்களே எழுதியிருந்தார்கள். இன்னொன்று கிராலருக்கென்றே செய்தது. எண் சிறியது, விலை இரண்டு மடங்கு. ஆனால் எறும்பு ஊர்கிற மாதிரி எடுக்கும், விசையை விட்டால் சரிவிலும் உருளாமல் அங்கேயே நிற்கும். நான் ஃபேன் வைத்ததை வாங்கினேன். சம்பளம் இல்லாமல் வீட்டில் இருப்பவன் வேறு எதை வாங்குவான்?

பக்கத்து வீட்டில் கட்டிட வேலை முடிந்து மிச்சமான ஜல்லி குவிந்து கிடந்தது. அதன் அடியில் காரை வைத்து விசையை லேசாகத் தொட்டேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். துள்ளிப் பாய்ந்து மல்லாந்தது. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் மல்லாந்தது. குற்றம் விரலில்தான் என்று நினைத்தேன்.

என் மனைவி தைப்பவள். மோட்டார் வைத்த மெஷின். அதை விட்டு எழுந்துவந்து, “இங்கன தாங்க, நான் பாக்குதேன்” என்று ரிமோட்டை வாங்கினாள். அவள் கையிலும் கார் துள்ளி மல்லாந்தது.

“மிதிய லேசாத் தொட்டா ஒரே ஒரு தையல் விழணும்” என்றாள். “இது தொட்ட உடனே ஒரு முழம் ஓடுது. பெட்டிதான் சரியில்ல.”

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. குற்றம் விரலில் இல்லை, பெட்டியில்.

புத்தியுள்ளவன் அடுத்து அந்த நல்ல பெட்டியை வாங்கியிருப்பான். நான் இன்னொரு மலிவுப் பெட்டி வாங்கினேன். வேறு கம்பெனி, வேறு நிறம், அதே ஃபேன், அதே துள்ளல். சிக்கனம் என்று அவளிடம் சொன்னேன். எந்தப் பெட்டி எத்தனை டிகிரியில் சூடாகும், எதன் ஒயர் மெல்லிசு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படித்தேன். விரல் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் பெட்டியைப் பற்றிப் பேசினேன். டாக்டர் சொன்ன ஆறு மாதம் போய் ஒன்பதும் போய்விட்டது. நல்ல பெட்டி வந்தால் சாக்கு போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவன் மாதிரி அடுத்த மலிவுப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“எத்தன நாளைக்கு இந்தப் பெட்டியவே குத்தம் சொல்லுவீங்க?” என்று கேட்டுவிட்டு, என் போனை வாங்கி நல்லதை அவளே ஆர்டர் போட்டாள்.

அது வந்த அன்று மத்தியானம் ஒயர்களைச் செருகிக் காரை ஜல்லியடியில் வைத்தோம். விசையைத் தொட்டேன். அசையவில்லை. இழுத்தேன். துள்ளி மல்லாந்தது.

“இதுவும் சரியில்ல” என்றேன்.

அவள் ரிமோட்டை வாங்கினாள். கார் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு ஏறியது. டயர் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. உச்சிவரை போய் அந்தப் பக்கம் இறங்கியது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் ரிமோட்டை நீட்டினாள். நான் இன்னும் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அவள்தான் போய்க் காரை நிமிர்த்திவைத்தாள்.

வாசலில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, நான் இனிமே தறிக்கு வர முடியாது. அந்த ஆளையே வச்சுக்கிடுங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவர் தறிச் சத்தத்திலிருந்து வெளியே வந்து பேசினார்.

“நீரே சொல்லட்டும்னுதான் வே இருந்தேன்” என்றார். “அவரும் நிரந்தரமானு மாசா மாசம் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீரு திங்கக்கெழம வாரும். சேல மடிக்கிற எடத்துல, நெசவுப் பழுது கண்டுபிடிக்க ஆள் இல்லாம கெடக்கு. உமக்குத் தெரியாத பழுதா?”

அந்த இடம் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சரி அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. அடிபட்ட அன்றுகூட அப்படி அழவில்லை.

ஜல்லியில் காரை ஏற்றிக்கொண்டிருந்த என் மனைவி என்னைப் பார்த்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். கார் பாதிச் சரிவில், அவள் விரலை எடுத்த இடத்திலேயே, ஒரு கல்கூட உருளாமல் நின்றது. நல்ல பெட்டி. முதலிலேயே அதை வாங்கியிருக்க வேண்டும்.