மெட்ரோ வாசலில் ஒரு வௌவால் குட்டி

இன்று காலை டெல்லி ஜனக்புரி மெட்ரோ செக்கிங்கில் எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பெண், தன் அட்டைப்பெட்டியை ஸ்கேனரில் வைக்க மறுத்தார்.

"வௌவால் குட்டி இருக்கு, அண்ணா. தாய் கரண்ட் கம்பியில அடிபட்டுச் செத்துடுச்சு," என்றார் இந்தியில்.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். பழைய சாக்ஸ் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி குட்டி கொட்டாவி விட்டது.

"மெட்ரோவில் விலங்குக்கு அனுமதியில்லை," என்றவர், குரலைத் தாழ்த்தி, "பால் குடிச்சுதா?" என்று கேட்டார்.

உள்ளே விடாததால், விலங்கு ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் பெண் வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்; ஆர்வம் தாங்காமல் நானும் அவரோடு ஏறினேன்.

"எப்படிங்க குடிக்கும்?"

"பஞ்சுல நனைச்சுக் கொடுத்தா, தலைகீழாத் தொங்கிக்கிட்டே சப்பும், அக்கா."

விலங்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் குட்டியை வாங்கிப் பார்த்து, "பிழைச்சுடும்" என்றதும் அந்தப் பெண் அழுதுவிட்டார்.

ஆபீசுக்கு ஒரு மணி நேரம் லேட். உண்மையைச் சொன்னேன், மேனேஜர் நம்பவில்லை. நம்பும்படியான பொய் ஏதாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள்.