வெல்டா திருப்பித் தரக்கூடாத இருபது டாலர்

என் லாண்டரியில் துவைக்கும் மெஷின் பன்னிரண்டு, உலர்த்தும் மெஷின் எட்டு. ஆறாம் நம்பர் உலர்த்தி இரண்டு வருடமாக ஓடவில்லை. வெல்டா ஸ்ட்ரவுட் சனிக்கிழமைதோறும் துணி மூட்டையோடு வந்ததும் முதல் வேலையாகத் தன் செல்போனை அதற்குள் போட்டுக் கதவைச் சாத்துவாள். உள்ளே அது அதிர்ந்துகொண்டே கிடக்கும். தகரத் தொட்டி என்பதால் சத்தம் கடை முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஓக்லஹோமாவில் சாலை பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிற நாளில்கூட நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கை நடுங்காமல் போகிறவள். அப்படிப்பட்டவள் ஒரு போனுக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் அவள் புருஷன் ரஸ்ஸல் ஏறிய ஹெலிகாப்டர். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு நெஞ்சுவலி வந்தவனை எங்கள் ஊர் ஆஸ்பத்திரி அதில் ஏற்றி டல்சா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பறந்தது இருபத்திரண்டு நிமிடம். இறங்குவதற்குள் அவன் போய்விட்டான். பில் பத்தொன்பதாயிரத்து எழுநூறு டாலர். ஸ்ட்ரெச்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி படிவம் செருகிய அட்டையை நீட்ட, செலவுக்குத் தானே பொறுப்பு என்று அதில் இருந்ததைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் வெல்டா. சர்ச்சில் பீன்ஸும் சோளரொட்டியும் சமைத்து விருந்து வைத்துப் பணம் திரட்டினோம். என் கடை மேஜையில் ரஸ்ஸல் படம் ஒட்டிய ஜாடி மூன்று மாதம் இருந்தது. எல்லாம் சவ அடக்கத்துக்கே போயிற்று. ஜாடியில் மிஞ்சிய ஐம்பதை மட்டும் அந்த அக்டோபரில் பில்லுக்குக் கட்டினாள். அதற்குப் பிறகு கட்ட அவளிடம் ஒன்றுமில்லை. பில்லை ஒரு வசூல் கம்பெனி வாங்கியது, போன் வரத் தொடங்கியது, கடன் தருவதற்கு முன் பாங்குகள் பார்க்கிற அவளுடைய கிரெடிட் ஸ்கோர் தரைக்கு வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. ஸ்கோரை ஏற்றுவதற்காகவே பாங்கில் இருநூறு டாலரை முன்பணமாகப் போட்டு ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். மாதம் முப்பது டாலருக்குப் பெட்ரோல் போடுவாள், அன்றைக்கே கட்டிவிடுவாள். வேறு எதற்கும் அந்தக் கார்டைத் தொடமாட்டாள். நாலு வருடம் இப்படி எறும்பு மாதிரி சேர்த்து ஐந்நூற்று நாற்பதிலிருந்து அறுநூற்று முப்பதுக்கு வந்தாள். இன்னும் பத்துதான் வேண்டும். அவளுடைய தகர டிரெய்லர் வீடு நிற்கிற வாடகை மனையை உரிமையாளர் விற்கப்போகிறார். நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு இருந்தது. அறுநூற்று நாற்பது வந்தால் பாங்க் கடன் தரும். ஆனால் கோர்ட்டில் அவளுக்கு எதிராகக் கடன் தீர்ப்பு எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் வீடும் கிடைக்காது, சம்பளத்திலும் பிடிப்பார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. போனை உலர்த்திக்குள் போட மறந்து மெஷின் மேல் வைத்துவிட்டாள். அது அடிக்க ஆரம்பித்தது. அவள் முகம் சுண்ணாம்பாகி, வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. போன் நின்றது, மறுபடி அடித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எடுத்தேன்.

குரல் தேன் மாதிரி இருந்தது. வசூல் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும் பெயர் ப்ரெண்டன் என்றும் சொன்னான். நான் அவளுடைய சிநேகிதி என்றேன்.

"நல்லதாப் போச்சு மேடம். நாங்க ஒண்ணும் ராட்சசங்க இல்ல. இன்னிக்கு ஒரு இருபது டாலர் கட்டிட்டா, ஒத்துழைக்கிறாங்கன்னு எழுதி வெச்சுடுவேன். போனும் குறையும். இல்லேன்னா ஃபைலு வக்கீல்கிட்ட போயிடும். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரங்க அவங்க வேலை பாக்கற எடத்துக்கே வருவாங்க. எதுக்கு அதெல்லாம்?"

இருபது டாலர்தானே, எலும்பை எறிந்தால் நாய் போய்விடும் என்று நினைத்தேன். என் பர்ஸிலிருந்து என் கார்டை எடுத்து நம்பரைப் படித்தேன். வெல்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இனிமே தொந்தரவு பண்ண மாட்டாங்கடி. இருபது கட்டிட்டேன்" என்றேன், பெருமையாக.

அவள் துணி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நோரீன், என்ன காரியம்டி பண்ணிட்ட" என்றாள். "இன்னும் ஏழு வாரம்தான் இருந்துச்சு."

அப்போதுதான் எனக்குச் சொன்னாள். இலவச சட்ட உதவி அலுவலகத்தில் ரென்ஃப்ரோ என்று ஒரு பெண் வக்கீலை ரகசியமாகப் பார்த்து வந்திருக்கிறாள். கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து ஐந்து வருடம் கழிந்துவிட்டால், அதன் பிறகு அவர்கள் கேஸ் போட்டாலும் நிற்காது. அந்தக் கெடு அக்டோபரில் முடிகிறது. இடையில் ஒரு டாலர் கட்டினாலும் ஐந்து வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் அதை அவள் மடியில் கட்டியிருந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது சும்மா இல்லை.

திங்கட்கிழமை இருவரும் வக்கீலம்மாவிடம் ஓடினோம். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். பிறகு வெல்டாவிடம் நிதானமாகச் சொன்னார்.

"நீங்க கட்டல. கட்டச் சொல்லவும் இல்ல. இவங்களா சொந்தக் காசைக் குடுத்தாங்க. அதைக் கோர்ட்ல சொல்லிப் பாக்கலாம். ஆனா ஒண்ணு, இந்த இருபதை நீங்க இவங்களுக்குத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, நீங்களே கட்டின மாதிரி ஆயிடும். குடுக்கவே கூடாது."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார்கள். வெல்டாவால் முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை வாங்கினால் ஒன்றரைக் கப்பாகத் திருப்பித் தருகிற ஜாதி அவள். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடுகிற அவளுக்கு, சனிக்கிழமைதோறும் கண்ணெதிரே நிற்கிற, கடன் கொடுத்தவளாக நான் ஆகிவிட்டேன். அடுத்த வாரமே சோப்புப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு இருபது டாலர் நோட்டு இருந்தது. அவள் மூஞ்சியில் எறிந்தேன். நவம்பரில் பழைய ஜாடிக்குள் போட்டுவிட்டுப் போனாள். மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் தபால் பெட்டிக்குள் திணித்துவிட்டு, அடுத்த டிரெய்லர்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பரில் ஷெரிஃப் ஆள் வந்தான். மத்தியானம் மூன்று மணி, பிள்ளைகள் பஸ் ஏறிக்கொண்டிருக்கிற நேரம். படிக்கட்டில் நின்றபடி சம்மனை நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பிள்ளைகளையும் வீடு சேர்த்துவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்திய பிறகுதான் அழுதாளாம். ஸ்கோர் அப்போது அறுநூற்று நாற்பத்திரண்டு. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டை விற்கிறவர் பிப்ரவரி கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். வழக்கு பிப்ரவரி பதினொன்று.

கோர்ட் பெஞ்சில் எங்களோடு இருபது பேர் இருந்தார்கள். கம்பெனி வக்கீலுக்கு என் மகன் வயதுகூட இராது. அவன் கையில் கட்டுக் கட்டாக ஃபைல். பெயர் கூப்பிடுவார்கள், ஆள் வந்திருக்க மாட்டார், ஒரே நிமிடத்தில் நீதிபதி கம்பெனிக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார். இப்படி ஒன்பது பேர் போனார்கள். வெல்டா என் கையைப் பிடித்திருந்தாள்.

குளிர் தாங்காமல் இன்னொரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். ஏதோ காகிதம் தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் உறை. மேலே 'வெ.' என்று எழுதியிருந்தது. உள்ளே இருபது டாலர். கடையில் கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தபோது எப்போதோ செருகியிருக்கிறாள். எத்தனை நாளாக நான் இதைச் சுமந்துகொண்டு திரிகிறேனோ தெரியாது.

"பாவி" என்று மட்டும் சொல்லி அவள் கைப்பைக்குள் அதைத் திணித்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

பைபிள் மேல் கை வைத்தேன். ரென்ஃப்ரோ அம்மா கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கார்டு என்னுடையது, அவள் உள்ளே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், யாரும் என்னைக் கட்டச் சொல்லவில்லை, என் முன்கோபம்தான் கட்டியது என்றேன். பிறகு கம்பெனி வக்கீல் பையன் எழுந்தான். பணத்தை அவளுடைய போனில் பேசித்தானே கட்டினீர்கள் என்றான். ஆமாம் என்றேன். அதன் பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"அந்த இருபது டாலரை இவங்க உங்களுக்குத் திருப்பிக் குடுத்தாங்களா?"

இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வெல்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வைத்த பைபிளும் எதிரே இருந்தது. சோப்புப் பொட்டலம், ஜாடி, மழை, கோட்டுப் பை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கோட்டுப் பையில் இருந்ததைக் கால்மணி நேரத்துக்கு முன்புதான் பார்த்தேன் என்றும் சொன்னேன். பையன் முகம் மலர்ந்தது. ரென்ஃப்ரோ அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் நானே அவளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நீதிபதி அந்த உறை இப்போது எங்கே என்று கேட்டார். வெல்டா கைப்பையைத் திறந்து தூக்கிக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"அப்போ அவங்க குடுக்கப் பாத்தாங்க. நீங்க வாங்கிக்கல. அப்படித்தானே?"

"வாங்கிக்கல ஐயா. வாங்கவும் மாட்டேன்."

அவர் எதையோ எழுதினார். கட்டினது கடன்பட்டவர் இல்லை, கெடு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, வழக்கு தள்ளுபடி என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த ஆளும் வந்திருக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் வெல்டா உறையை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். எல்லாம் முடிஞ்சதே, இப்பவாவது தரலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டாள். கூடாது என்றார் அவர். கம்பெனிக்கு அப்பீல் உண்டு, வேறொரு கம்பெனிக்கு இந்த ஃபைலை விற்றாலும் விற்பார்கள், என்றைக்கும் தராதீர்கள் என்றார்.

"என் ஆயுசுல யாருக்கும் ஒரு டாலர் பாக்கி வெச்சதில்லடி" என்றாள் வெல்டா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "உனக்குப் போயி எப்படி வெப்பேன்?"

"எனக்கு வெச்சுக்கோ" என்றேன்.

மாதக் கடைசியில் வீடு அவள் பெயருக்கு வந்தது. அங்கே துவைக்கும் மெஷின் வைக்க இடம் இருக்கிறது, வாங்கத்தான் பயப்படுகிறாள். இன்னும் சனிக்கிழமைதோறும் என் கடைக்குத்தான் வருகிறாள். போன் இன்னும் ஆறாம் நம்பருக்குள்தான் போகிறது. எப்போதாவது அது அதிர்ந்தால் அவள் தோள் இன்னும் தூக்கிப் போடுகிறது. நான் இப்போது எரிச்சல்படுவதில்லை. வெல்டா உலர்த்தியின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, "நோரீன், உனக்கு இருபது டாலர் தரணும்" என்பாள்.

"தந்துடாதே" என்பேன்.