சரசக்கா கேட்ட மூணாவது மிக்ஸ்

சரசக்கா போயிட்டாங்க.

முந்தாநாள் காலைல, எருமப்பட்டி பக்கம் இருக்கற கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கிட்டு இருந்தவங்க நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள...

அம்பது வயசு கூட ஆகலை.

உங்கள்ல யாருக்கும் அவங்களைத் தெரியாது. ஆனா அவங்க வேலையை நீங்க எல்லாரும் கேட்டிருக்கீங்க. ரெண்டு வருஷமா நான் சொல்லாம விட்டதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதறேன்.

நான் அந்தப் பண்ணை ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்த்தப்ப, அவங்க மூணாம் நம்பர் ஷெட்டு. வீட்டுல லேப்டாப்பும் ஒரு சின்ன கீபோர்டும் வச்சு நான் ஏதாவது ட்ராக் போட்டுட்டு இருப்பேன். பாட்டு கிடையாது, வெறும் இசை. யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன். கூச்சம்.

ஷெட்டுல எந்நேரமும் ரேடியோ ஓடும். சத்தம் பழகிட்டா கோழி சட்டுனு மிரளாதுன்னு. ஒரு நாள் ரேடியோ மக்கர் பண்ணிருச்சு. "உன்ற போன்ல எதாச்சும் இருந்தா போட்டு உடு கண்ணு"ன்னாங்க.

என்ன தைரியமோ, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல என் ட்ராக்கையே போட்டேன்.

முதல் ஒரு நிமிஷம் புல்லாங்குழல். அருமையா போச்சு. அப்புறம் டிரம்ஸ். நான் ரொம்பப் பெருமையா வச்சிருந்த இடம் அது. டமார்னு வரும்.

அவ்வளவுதான். ஷெட்டு மொத்தமும் றெக்கையை அடிச்சுட்டு, கூண்டுல முட்டி மோதி ஒரே ரகளை. மறுநாள் பார்த்தா அட்டை அட்டையா தோல் முட்டை. ஓடே இல்லாம கொழகொழன்னு.

முதலாளி வந்து கத்தினார். சரசக்கா முன்னாடி வந்து, "நாந்தானுங்க, தகர பக்கெட்டக் கீழ போட்டுட்டனுங்க"ன்னாங்க. எனக்கு வர வேண்டிய திட்டு மொத்தத்தையும் நின்னு வாங்கினாங்க.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாங்க. "பாட்டு நல்லாத்தான் இருக்குது சாமி. அந்த மோளம் மட்டும் சொல்லாமக் கொள்ளாம வருது. தூரத்துல இருந்து வாராப்பல வெய்யி."

அன்னிக்கு சாயங்காலமே உட்கார்ந்து மாத்தினேன். டிரம்ஸ் எங்கேயோ தள்ளி ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல வர்ற மாதிரி.

கேட்டுப் பாருங்கக்கான்னு ஹெட்செட்டைக் கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, கோழிங்களையே பார்த்துட்டு நின்னாங்க. அதுங்க பாட்டுக்கு தீவனம் கொத்திட்டு இருந்துச்சுங்க. அப்போ என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க...

அந்த தைரியத்துலதான் அதை இங்கே ஷேர் பண்ணேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "டிரம்ஸ் வர்ற இடம் செம", "யாரு மிக்ஸ்?"னு கமெண்ட் மேல கமெண்ட்.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "சென்னைல ஒரு ஃப்ரெண்ட், சவுண்ட் இன்ஜினியர். அவர் கொடுத்த ஐடியா."

கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கற அக்கா சொன்னாங்கன்னு எழுத எனக்கு வெட்கமா இருந்துச்சு. கேவலம். வேற வார்த்தை இல்லை.

அவங்க பொண்ணு கவிதா அந்தப் பதிலை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா. கோவிச்சுக்குவாங்கன்னு பயந்துட்டே மறுநாள் வேலைக்குப் போனேன். அவங்க என்னடான்னா வாயெல்லாம் பல்லா வந்து நிக்கறாங்க. "மெட்ராஸ் இன்சினியரும் நம்மளாட்டவே சொல்லிருக்கறாரு பாரு கண்ணு!"

நம்பிட்டாங்க. பண்ணை முழுக்க அதையே சொல்லிட்டுத் திரிஞ்சாங்க.

அப்புறம் நான் நாமக்கல்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு வந்துட்டேன். ட்ராக் அங்கே ஷெட்டுல ஓடிட்டேதான் இருந்துச்சு. ரெண்டு மாசம் முன்னாடி அவங்ககிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட். பின்னாடி கோழிச் சத்தம்.

"கண்ணு, நல்லாருக்கறயா? அந்தப் பாட்டு முடியறப்ப வெடுக்குனு நிக்குது. கோழி பூராவும் என்னமோ ஏதோன்னு தலையத் தலையத் தூக்கிப் பாக்குது. ரவ ரவையா கொறச்சு உடு சாமி. எதுக்கும் அந்த இன்சினியரையும் ஒரு வார்த்த கேட்டுக்க."

ஒரு கட்டைவிரல் எமோஜி போட்டேன். அரை மணி நேர வேலை அது. செய்யலை.

நேத்து அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். கவிதா என் கையைப் பிடிச்சுட்டு அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு, "அக்கா, அந்த இன்சினியர் சாருக்கும் தகவல் சொல்லிருங்க்கா. அம்மா அவரப் பத்திப் பேசாத நாளில்ல"ன்னா.

சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

கவிதா, நீ இதைப் படிப்பன்னு தெரியும். அப்படி ஒரு இன்ஜினியர் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்லை. உங்கம்மாதான்.

அன்னிக்கு ஷெட்டுல கோழி மிரண்டதுக்கும் பக்கெட் காரணம் இல்லை. நான்தான். அதையும் சொல்லிடறேன்.

இன்னிக்குக் காலைல மூணாவது மிக்ஸ் முடிச்சேன். கடைசிப் பகுதியை அவங்க சொன்ன மாதிரியே குறைச்சுட்டே போய் விட்டிருக்கேன். பண்ணைக்கு எடுத்துட்டுப் போய் அவங்க ஷெட்டுலயே போட்டேன். அவங்க தலைல கட்டற துண்டு வாசல் ஆணியில அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டே நின்னேன்.

ட்ராக் எப்போ முடிஞ்சதுன்னே தெரியலை. ஒரு கோழியும் தலையைத் தூக்கலை.

லிங்க் கீழே போட்டிருக்கேன். பழைய பதிவுலயும் அவங்க பேரைப் போட்டுட்டேன்.

மிக்ஸ்: சரசு, மூணாம் நம்பர் ஷெட்டு.

மெதுவாப் போங்கக்கா...