முழு அதிகாரம் ஒருவருக்கு மட்டும்

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. 1987, மதுரை தல்லாகுளம். நள்ளிரவு கிடையாது, சுடுகாடு கிடையாது. பட்டப்பகல், மத்தியானம் 2.40. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் பசுபதியைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பசுபதி, ஒரு தேர்வு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பொறுப்பாக வந்தவர். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி எடுத்திருந்தார். அதற்கே அவருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. ஆசிரியர் பயிற்சித் தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண்கள் எல்லாம் அங்கே ஒரே ஒரு பெரிய மெஷினில் இருந்தன. பசுபதியின் மேஜையில் இருந்தது போக, திரையும் விசைப்பலகையுமாக அதில் இணைத்த பத்து டெர்மினல்களில் ஒன்பது ஆபரேட்டர்கள் வேலை பார்த்தார்கள். பத்தாவது யாரும் தொடாமல் ரெக்சின் உறை போட்டுக் கிடந்தது. ஒன்பது பேரில் ஒருவரையாவது பசுபதி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அது அதிசயம்.

வந்த முதல் வாரமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மெஷினில் இரண்டு வகைப் பாஸ்வேர்டு உண்டு. சாதாரணமானதைப் போட்டால் புதிய மதிப்பெண்ணைப் பதியலாம், பழையதைப் பார்க்கலாம். முழு அதிகாரம் உள்ளதைப் போட்டால் எதையும் திருத்தலாம், அழிக்கலாம். இந்த இரண்டாவது ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒன்பது பேருக்கும் தெரிந்திருந்தது. சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

“மடப் பசங்க. கஜானாச் சாவியக் கொண்டு போயி பஸ் ஸ்டாண்டுல தொங்க விட்டிருக்காங்க” என்றார் வீட்டில் மனைவி பாகீரதியிடம். அந்த அம்மாள் பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டை மாற்றினார். முழு அதிகாரம் இனி அவருக்கு மட்டும். புதிய பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் அன்றே வேலை நீக்கம் என்று ஒரு மெமோ அடித்து, ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினார். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜில்லாவைப் பிடித்தவர் போல இருந்தார்.

மூத்த ஆபரேட்டர் கருத்தக்கண்ணன் மட்டும் பேனாவை வைத்துவிட்டு நின்றார்.

“சார், அது எங்க ஒம்பது பேர்ட்டயும் இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒருத்தரா வச்சுக்கிறாதீங்க.”

“ஏன்யா? மார்க் போட்டுக் குடுக்க எம்புட்டு வாங்குற?”

கருத்தக்கண்ணன் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். திருடன் மாட்டிக்கொண்டான் என்று பசுபதிக்குப் பரம சந்தோஷம்.

திங்கட்கிழமை. மத்தியானம் 2.38.

ஒன்பது பேரும் சொல்லிவைத்தது போல எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அது ஏ.சி. அறை, தூசி ஆகாது, செருப்பை வெளியே விட்டுத்தான் வரவேண்டும். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. பசுபதி மட்டும் தன் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

2.40.

டக்.

யாரோ ஒரு விசையைத் தட்டிய சத்தம். தலையைத் திருப்பினார். அறையில் ஆள் இல்லை.

டக்... டக்... டக்...

அவருடைய திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘ஐயா. பதிவு எண் 4417. கணக்கு 07 இல்லை. 67.’

பசுபதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கருத்தக்கண்ணனின் வேலை! அதிகாரம் போனதும் குறுக்கு வழியில் வந்து மார்க் கேட்கிறான். ஆபீசில் யார் எதைக் கேட்டாலும் அவர் ஒரே பதில்தான் சொல்வார். அதையே அடித்தார்.

‘எழுத்துமூலம் மனு தரவும்.’

சத்தம் நின்றது.

கதவின் கண்ணாடி வழியாக வராந்தாவைப் பார்த்தார். டீ கிளாஸோடு நின்றார்கள். எண்ணினார். ஒன்பது பேர். கருத்தக்கண்ணனும் அங்கேதான் இருந்தார்.

மெஷினுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டளை போட்டார். ஒரே பெயர் வந்தது. பசுபதி.

டக்.

இப்போது திசை தெரிந்தது. பத்தாவது டெர்மினல். உறை போட்டபடியேதான் இருந்தது.

அந்த ரெக்சினில் ஒரு குழி விழுந்தது. சின்னக் குழி. விரல்நுனி அளவு. எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று விழுந்தது...

‘தந்தேன் ஐயா.’

டக் டக் டக்...

‘தந்தேன் ஐயா.’

‘தந்தேன் ஐயா.’

திரை நிரம்பியது.

அவர் ஓடினார்.

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று ரப்பர் செருப்பு. சின்னக் கால். ஈரமாக இருந்தது.

செருப்பில்லாமலே வராந்தாவுக்கு வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மார்க்க மாத்துனீங்களா சார்?” என்றார் கருத்தக்கண்ணன்.

“யாருய்யா அது?”

“சீனியம்மா. எழுமலைப் புள்ள. கணக்குல பெயில்னு வந்துச்சு, தோட்டத்துக் கிணத்துல விழுந்துருச்சு. வருசம் ரெண்டாச்சு சார்.”

“மாத்தினா...?”

“மாத்துனா அன்னைக்குப் போயிரும். மறுநா 2.40க்குப் பாத்தா பழையபடி ஏழுதான் இருக்கும். யாருட்ட அந்தப் பாஸ்வேர்டு இருக்கோ அவுகளத் தேடித்தான் வரும். அதான் ஒம்பது பேரும் வச்சிருந்தோம். ஆளுக்கொரு நாள்னா தாங்கிக்கிறலாம். அம்புட்டுத்தான்.”

செவ்வாய்க்கிழமை 2.40. பசுபதி 67 என்று அடித்தார். அறை அமைதியானது. புதன்கிழமை 2.40. மறுபடி 07. மறுபடி அடித்தார். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினார். அந்த நேரம் முழுவதும் பின்கழுத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... தடவினால் ஈரம் இல்லை.

வெளியே வந்ததும் கருத்தக்கண்ணனின் கையைப் பிடித்தார். “அண்ணே... பாஸ்வேர்டச் சொல்றேன், எழுதிக்கங்கண்ணே.”

ஐந்து நாளைக்கு முன்னால் பெயர்கூடச் சொல்லாதவர், இப்போது அண்ணே என்கிறார்! கருத்தக்கண்ணன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“வேணாம் சார். மெமோல கையெழுத்துப் போட்டிருக்கம்ல? தெரிஞ்சா வேலை போயிரும். ஒருத்தருக்குத்தான்னு நீங்கதான சார் சொன்னீக.”

மற்ற எட்டுப் பேரும் காதைப் பொத்தாத குறையாக நகர்ந்துபோனார்கள்.

வியாழக்கிழமை காலை பசுபதி பழைய பேப்பர் அறைக்குப் போனார். தந்தேன் தந்தேன் என்கிறதே, அப்படி ஒரு மனு இருக்கிறதா என்று பார்க்கத்தான். 1985ஆம் வருடக் கட்டுகளை அவிழ்த்தார். 11.20 மணிக்குக் கிடைத்தது.

மறுகூட்டல் கேட்டு மனு. சீனியம்மாள், எழுமலை. பதிவு எண் 4417. விடைத்தாளின் மார்க் பக்கத்தையும் பிரிவில் யாரோ கூடவே இணைத்திருந்தார்கள். 67. மனுவில் சின்னச் சின்ன எழுத்து, வரி கோணாமல். மனு வந்த தேதி ஜூலை 12. கடைசித் தேதி ஜூலை 15.

குறுக்கே ஒருவர் எழுதியிருந்தார்.

‘காலக்கெடு முடிந்தது. நிராகரிக்கப்படுகிறது.’

கீழே கையெழுத்து.

பசுபதி.

பயிற்சிக்குப் போவதற்கு முன் அவர் அதே நிறுவனத்தில், மறுகூட்டல் பிரிவில், நான்கு மாதம் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தவர். தேதியைக்கூடப் பார்க்காமல், ஒரு கட்டு மனு மொத்தத்துக்கும் அதே வரியை எழுதிவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார். எந்த நாள் என்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

மெஷினில் மாற்றினால் நிற்காது. இந்த உத்தரவு தவறு என்று இதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிற்கும். அது அவருக்குப் புரிந்தது. எழுதினால் தன் வேலை போய்விடும் என்பதும் புரிந்தது.

பேனாவைத் திறந்தார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பேனாவை மூடினார்.

மனுவைக் கட்டின் அடியில் செருகி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

2.40.

டக்.

67 என்று அடிக்க விரலைத் தயாராக வைத்திருந்தார். இன்று திரையில் பதிவு எண் வரவில்லை. மார்க்கும் வரவில்லை.

ஒரே வரி.

‘படித்தீர்களா ஐயா?’