இரண்டு விரல் தள்ளி

அந்த வீட்டில் காலையில் பால் காய்ச்சுவது அவர்தான். மற்ற வேலைகள் எல்லாம் நான்கு வருஷத்தில் ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தன. முதலில் வண்டி ஓட்டுவது, பிறகு கடைக்குப் போய்த் திரும்புவது, போன வருஷத்திலிருந்து சட்டைப் பித்தானைச் சரியான ஓட்டையில் மாட்டுவது. பால் மட்டும் கையில் தங்கியது.

அவர் மனைவி விழித்துக்கொண்டிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கண்ணை மூடிப் படுத்தபடி சத்தங்களை எண்ணுவாள். சமையலறைத் தாழ்ப்பாள் ஒன்று. ஃப்ரிட்ஜ் கதவு இரண்டு. பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம், கத்தரிக்கோல் பால் பாக்கெட்டின் மூக்கை நறுக்கும் சத்தம், ஆணியிலிருந்து லைட்டரைக் கழற்றும் சத்தம், லைட்டரின் சொடுக்கு. கடைசியாகப் பால் பொங்கி வரும்போது கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு தட்டு. ஏழும் வந்துவிட்டால் அன்றைய நாள் ஓடிவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அவர் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அங்கே எல்லாரும் அவரை ‘ஸ்டோர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த அளவு வாஷர் எந்தத் தட்டில் இருக்கிறதென்று கையை விட்டு எடுத்துக் கொடுப்பார். மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்.

“எதையும் நகர்த்தாதே. வச்சது வச்ச இடத்துல இருந்தா, தலை மறந்தாலும் கை பார்த்துக்கும்.”

அவள் நகர்த்தவில்லை. தூசி துடைக்கும்போதுகூடப் பொருளைத் தூக்காமல் சுற்றித் துடைத்தாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். தையல் மெஷினைச் சன்னல் பக்கம் போட்டால் வெளிச்சம் நன்றாக வரும் என்று தெரிந்தும், நான்கு வருஷமாக இருட்டு மூலையிலேயே உட்கார்ந்து தைத்தாள்.

அப்படிக் கட்டிக் காத்த வீட்டுக்குள்தான் அவள் தம்பி சினிமாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

தம்பிக்குப் படக் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் வேலை. ஒரு மத்தியானம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“அக்கா, பேசி வச்சிருந்த வீட்டுக்காரன் கடைசி நேரத்துல கையை விரிச்சுட்டான். பதினோரே நாள். உன் வீடு கிடைக்கலைன்னா என் வேலை போச்சு.”

“மாமாவை வச்சுக்கிட்டு எப்படிடா?”

“மாமா மாடியில இருக்கட்டும். வேடிக்கை பார்த்த மாதிரியும் ஆச்சு. போகும்போது எல்லாத்தையும் போட்டோவைப் பார்த்து அப்படியே வச்சுட்டுப் போவாங்க. நூல் பிசகாது.”

“ஒரு வார்த்தை அவரைக் கேட்டுட்டு...”

“கேட்டா மட்டும் நாளைக்கு ஞாபகம் இருக்குமாக்கா?” என்றான். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு அவனிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பத்து வயது இளையவன். பரீட்சையில் அவன் தோற்றதைக்கூட அப்பாவிடம் இவள்தான் மறைத்திருக்கிறாள். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை அவளுக்கும் தெரியும். தெரிந்தே தலையாட்டினாள்.

படத்தின் கதையைத் தம்பிதான் சொன்னான். விபத்தில் அடிபட்ட ஒருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். வீட்டில் ஒருவன் இருக்கிறான். அவள் புருஷன் என்கிறான். அக்கம்பக்கத்தாரும் ஆமாம் என்கிறார்கள். அவள் மட்டும் இவன் இல்லை என்கிறாள். யார் சொல்வது உண்மை என்று கடைசி ரீல் வரைக்கும் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட வேண்டுமாம்.

அதற்கு அந்த டைரக்டர் ஒரு வழி வைத்திருந்தார். பேய், பிசாசு, கதவு தானாகத் திறப்பது எதுவும் கிடையாது. வீட்டிலுள்ள சாமான்கள் காட்சிக்குக் காட்சி இரண்டு விரல் அளவு நகர வேண்டும். நாற்காலி, கடிகாரம், தண்ணீர்ச் சொம்பு, எல்லாம். பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் படக்கூடாது. ஆனால் உள்ளே எங்கேயோ உறுத்த வேண்டும்.

அந்த இரண்டு விரலுக்குப் பொறுப்பு கலைப்பிரிவு உதவியாளர் ஒருவர். நாற்பத்தைந்து வயது, வழுக்கை, இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப். அவரை எல்லாரும் ‘டேப்’ என்றே கூப்பிட்டார்கள்.

“உங்க வேலை வினோதமா இருக்கே தம்பி. ஒழுங்கா இருக்கறதைக் கலைக்கச் சம்பளமா?” என்றாள் அவள்.

“கலைக்கிறது சுலபம்க்கா. எவ்ளோ கலைச்சோம்னு எழுதி வைக்கிறதுக்குத்தான் சம்பளம்” என்றார் டேப்.

முதல் இரண்டு நாள் வீட்டுக்காரர் மாடியிலேயே இருந்தார். மூன்றாம் நாள் டீ இடைவேளையில் தானாகவே இறங்கி வந்து கதாநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் நல்ல மாதிரி. கந்தலாகத் தெரிகிற பழைய உடுப்பு வேண்டும் என்று வீட்டுக்காரியிடமே கேட்டு, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஒரு நீல ஸ்வெட்டரை வாங்கி மாட்டியிருந்தாள். அந்த ஒட்டைக் கேமரா பக்கத்தில் வந்து எடுத்தபோது, ‘என் தையல் சினிமாவுக்குப் போகுது’ என்று வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டைரக்டருக்கு அடர்த்தியான நிறத்தில் திரைச்சீலை வேண்டியிருந்தது. அதையும் அவளேதான் தைத்துக் கொடுத்தாள். காலைச் சூரியன் நுழைகிற சன்னல்களில் எல்லாம் மாட்டினார்கள்.

“சாப்டீங்களா சார்?” என்று கதாநாயகி கேட்பாள்.

“ஆச்சு மேடம்.”

புருஷனாகவோ புருஷன் இல்லாதவனாகவோ நடித்த நடிகர் கரப்பான்பூச்சிக்குக்கூடப் பயப்படுகிற சாது. ஒருநாள் கதாநாயகி அவரைப் பார்த்து, “நீங்க என் புருஷன் இல்ல, என் வீட்டை விட்டுப் போங்க” என்று கத்துகிற காட்சி. பதினேழு தடவை எடுத்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து பதினேழையும் கேட்ட வீட்டுக்காரர், இடைவேளையில் நேராக அந்த நடிகரிடம் போய்த் தோளைத் தொட்டார்.

“கவலைப்படாதீங்க சார். என்னைக்காவது ஒருநாள் அவங்களுக்கு ஞாபகம் வந்துடும்.”

கூட்டம் சிரித்தது. நடிகர் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பதினோரு நாளும் டீயும் சாப்பாடும் படக்காரர்களோடு வந்தன. பால் காய்ச்சவில்லை. போகட்டும், அவருக்கும் ஓய்வு என்று அவள் நினைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில், “இன்னும் ஒரு வாய்” என்றால் “கட்!” என்பார். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். நாலு பேரைப் பார்க்கிறார், முகம் தெளிந்திருக்கிறது, இது நல்லதற்குத்தானோ என்றுகூடத் தோன்றியது.

கடைசி நாள் டேப் ஒரு கட்டுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானையும் அளந்து அளந்து வைத்தார். படத்துக்கு நூல் பிசகவில்லை. கதாநாயகி ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். அதில் வேறு ஏதோ சென்ட் வாசனை இருந்தது. தம்பி வீட்டைச் சுற்றிக் காட்டினான். பெயின்ட் காயவில்லை என்று சமையலறையை மட்டும் வாசலிலிருந்தே காட்டினான்.

“பாருக்கா, சமையலறைக்குப் பெயின்ட்கூட அடிச்சாச்சு. ஆணி ஓட்டை எல்லாம் அடைச்சு, புது வீடு மாதிரி!”

மறுநாள் காலை அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தாழ்ப்பாள். ஃப்ரிட்ஜ் கதவு. அப்புறம் ஒன்றுமில்லை. எதையோ தேய்க்கிற மாதிரி மெல்லிய சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. பிறகு மூக்கில் ஏறியது வாசனை.

ஓடினாள். அடுப்பின் குமிழ் முழுக்கத் திறந்திருந்தது. கேஸ் சீறிக்கொண்டிருந்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். வெளிர் பச்சைச் சுவர். ஆணியும் இல்லை, லைட்டரும் இல்லை. கை மேலே போயிற்று, கீழே வந்தது, பக்கவாட்டில் போயிற்று. அவள் குமிழை மூடினாள், சன்னலைத் திறந்தாள், அந்தத் திரைச்சீலையைப் பிடித்து இழுத்ததில் கம்பியோடு கழன்று தலையில் விழுந்தது.

அன்றைக்கே டேப்பைப் போனில் கூப்பிட்டாள். மனுஷன் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். படங்களையும் கொண்டுவந்திருந்தார்.

“படத்துல இருக்கிற மாதிரிதானேக்கா வச்சேன்?”

அவள் வாங்கிப் பார்த்தாள். படத்தில் அடுப்பு சன்னலோரம் இருந்தது. சுவரில் ஆணியே இல்லை.

“இது எப்போ எடுத்தது தம்பி?”

“முதல் நாள் காலையிலக்கா. நான் வந்ததும் முதல் வேலையா.”

“நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?”

டேப் படங்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அவருக்கு முன்பே விளக்குக்காரர்கள் வந்திருந்தார்கள். ஸ்டாண்டு உள்ளே நுழையாததால் அடுப்பையும் அலமாரியையும் தள்ளி, சுவரில் இருந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் இவர் வந்து, தூசி தட்டி, அக்கறையாக இருநூறு படம் எடுத்திருக்கிறார்.

“நான் முதல்ல எதைப் பார்க்கிறேனோ, எங்க தொழில்ல அதுதான்க்கா ஒரிஜினல்” என்றார். குரல் இறங்கிவிட்டது. “பரவாயில்ல, நீங்க சொல்லுங்க. எல்லாத்தையும் மாத்திடலாம். லைட்டர் ஆணி எவ்ளோ உயரத்துல இருந்துச்சு?”

அவள் சுவரைப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நான்கு வருஷமாக ஒன்றையும் நகர்த்தாதவள். ஆனால் அந்த ஆணியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. அடுப்பு மூட்ட அவளுக்குத் தீப்பெட்டிதான் பழக்கம். லைட்டர் அவருடையது. சத்தம்தான் அவளுக்குத் தெரியும், உயரம் தெரியாது. பாத்திரம் எந்தத் தட்டில், கரண்டி வலமா இடமா? பார்த்துப் பார்த்துப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

“அவர் கைக்குத்தான் தெரியும்” என்றாள்.

டேப் அவரைக் கூட்டிவந்தார். குழந்தையிடம் பேசுகிற குரல் இல்லை. கிடங்குக்காரரிடம் கிடங்குக்காரர் பேசுகிற குரல்தான்.

“ஸ்டோர் சார், லைட்டர் எடுக்கணும். எங்க மாட்டியிருக்கீங்க? கையை மட்டும் நீட்டுங்க, போதும்.”

அவர் உடனே நீட்டினார். தயக்கமே இல்லை. டேப் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். “இன்னொரு தடவை சார்.” கை ஒரு ஜாண் தள்ளிப் போயிற்று. இன்னொரு புள்ளி. மூன்றாவது, தோளுக்கும் கீழே. ஐந்து தடவை நீட்டினார், ஐந்து புள்ளிகள். ஒவ்வொரு தடவையும் அதே நிச்சயம். கடைசிப் புள்ளி வைத்ததும், “ஓகேயா சார்? இன்னொரு டேக் வேணுமா?” என்று அவரே கேட்டார்.

டேப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “அஞ்சுக்கும் நடுவுல அடிச்சு வைக்கட்டுமாக்கா?” என்றார்.

“அடிங்க” என்றாள் அவள். வேறு என்ன சொல்வது? ஆணி நடுவில் ஏறிற்று. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இங்கே ஆணி வந்துவிட்டது, கையைத்தான் காணோம்.

தம்பி போன் செய்தான். “போட்டோ எடுத்தாங்கதானேக்கா? டேப் அதுல கில்லாடியாச்சே?” அவள் “எடுத்தாங்கடா” என்று மட்டும் சொன்னாள். அவனைத் திட்டலாம்தான். தலையாட்டிய தலை யாருடையது?

ஒரு வாரம் பார்த்தாள். ஷூட்டிங்குக்காகத் தள்ளியிருந்த தையல் மெஷினைப் பழைய இருட்டு மூலைக்கே இழுத்துப் போட்டாள். அடுப்பை அரை அடி தள்ளினாள், திரும்ப வைத்தாள். காலையில் அவர் கையைப் பிடித்து ஆணிக்குக் கொண்டுபோனாள். அவர் மரியாதையாக லைட்டரை எடுத்து அவளிடமே கொடுத்தார். பாலை அவள் காய்ச்சினாள். கரண்டியால் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் காலை குளிராக இருந்தது. அவள் அந்த நீல ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள். சென்ட் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, சட்டையின் ஏழு பித்தானையும் அவராகவே போட்டிருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு துள்ளிவிட்டது.

அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

“வாங்க மேடம்.”

முப்பத்து நான்கு வருஷத்தில் அவளை அவர் ‘நீ’ என்று தவிரக் கூப்பிட்டதில்லை. நாலு பேர் முன்னால் மரியாதையாகக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று புதிதில் அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

“உட்காருங்க. பால் கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

“இருக்கட்டும் மேடம். எல்லாரும் போயிட்டாங்க போலிருக்கே. ஷூட்டிங் முடிஞ்சுதுல்ல?”

“முடிஞ்சு எட்டு நாளாச்சுங்க.”

“அப்ப நான் கிளம்பறேன். இவ்வளவு நாள் இருந்துட்டேன், தப்பா நினைக்காதீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வீட்ல பால் காய்ச்சணும். நான் காய்ச்சினாத்தான் அவ எழுந்திருப்பா. தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.”

டம்ளரிலிருந்த பால் அவள் விரல் மேல் சிந்திற்று. சூடு உறைக்கவில்லை.

“ஏங்க, இங்க பாருங்க” என்றாள். “நான் யாருங்க?”

அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பெரிய இடத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போகிறவரின் புன்னகை. கை கூப்பினார். பிறகு, அவர் கணக்குக்கு இரண்டு விரல் அகலம் இடது பக்கம் தள்ளி இருந்த கதவு நிலையில் தோளை லேசாக இடித்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.