ஒப்பீட்டுக்குத் தந்த எச்சில்

எங்கள் ஆய்வகத்தில் எச்சில் துப்பாதவர்கள் கிடையாது. தோல் புற்றுநோய் வந்தவர்களின் மரபணுவைப் படிக்கும்போது, பக்கத்தில் வைத்து ஒப்பிட நோயில்லாத ஒருவரின் மரபணுவும் வேண்டும். அதற்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. படிவம், ஒப்புதல், கையெழுத்து என்று அலைய வேண்டும். புதிய கருவியைச் சோதிக்கும் நாள்களில் எங்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. ஆளுக்கொரு குழாயில் துப்பி, பெயருக்குப் பதில் எண் எழுதி, குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். செய்யக்கூடாத காரியம்தான். நோயில்லாத ஆள் வேண்டும் என்றதும் முதலில் நம்மையே நினைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் திமிர்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், அப்படி வைத்த ஏழாம் எண் குழாயில் ஒரு கோளாறு தெரிந்தது. உயிரணுக்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நோயாளிகளிடம் நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே மாற்றம். நோயாளியின் மாதிரி இதில் கலந்துவிட்டது என்று முடிவு கட்டி, உதவி ஆய்வாளரை நிற்க வைத்துத் திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் ஒன்றாகக் கிளம்பும். அந்தப் பெண் புதிய சோதனை மருந்துகளைப் பிரித்து முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதேதான் வந்தது. கலப்படம் என்றால் ஏதோ கொஞ்சம் தெரியும். இது பாதிக்குப் பாதி இருந்தது. அப்படி இருந்தால் அது பிறக்கும்போதே அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது.

ஏழாம் எண் யாருடையது என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் என் பெயரே இருந்தது.

பயந்துபோனேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் வராது, வாய்ப்புதான் கூடுதல் என்று எத்தனையோ குடும்பங்களிடம் நானே நிதானமான குரலில் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலில் அன்று யாராவது என்னிடம் பேசியிருந்தால் அறைந்திருப்பேன்.

அப்பாவின் நினைவு வந்ததும் பயம் இன்னும் கெட்டியாகிவிட்டது. அவருடைய உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புண் இருந்தது. ஆறவே இல்லை. இனிப்பு நீர் என்றோம், சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர். எங்கள் வீடுகளில் காலில் ஆறாத புண் என்றால் அது இனிப்பு நீர்தான், இரண்டாவது கேள்வி கிடையாது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்தார்களா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மறு ஆண்டே போய்விட்டார். அப்போது நான் பல்கலைக்கழக மாணவி. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இனிப்பு நீர் என்று சொன்னதில் நானும் ஒருத்தி.

தோல் புற்றுநோய் வெயிலில் காயும் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்பது நம் ஆள்களின் எண்ணம். நம் நிறத்தவர்களுக்கு அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும். உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். இதைப் படம் போட்டுக் காட்டி மேடைகளில் பேசுகிறவள் நான். சொந்த அப்பாவின் காலை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

எனக்கு ஒரே அண்ணன். கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் வீடு, அங்கேயே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. அவருக்கும் இனிப்பு நீர். குதிகாலில் ஏதோ புண், கிளினிக்கில் மருந்து கட்டுகிறார்கள் என்று அண்ணி எப்போதோ தொலைபேசியில் சொன்னதை நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருந்தேன். இப்போது அது காதில் ஒலித்தபடியே இருந்தது. உடனே ஓடியிருக்க வேண்டும். மூன்று வாரம் நான் அவரை அழைக்கக்கூட இல்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளியன்று கடல் பாலம் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பெரியவர்கள் காலில் விழுவது எங்கள் வழக்கம். ஆண்டுதோறும் குனிந்த வேகத்தில் எழுந்துவிடுகிறவள், அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் காலில் விழுந்தவள் எழவில்லை.

"என்னாம்மா, ரொம்ப நேரமா கெடக்கிற? ஆங்பாவ் காசு வேணுமா?" என்றார் அண்ணன்.

"காலத் தூக்குங்கண்ணே. அடியில பாக்கணும்."

"அது இனிப்பு நீர் லா. கிளினிக்ல கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்ல நாளும் அதுவுமா அதப் போயி பாத்துக்கிட்டு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பிளாஸ்டரைப் பிரித்துவிட்டேன். கரை கோணல்மாணலான கறுப்பு. நடுவில் ஈரம். சதையை எடுத்துச் சோதிக்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிளாஸ்டரைத் திரும்ப ஒட்டாமல் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதை அவரும் கவனித்துவிட்டார்.

இனி மறைக்க முடியாது. தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "எனக்கு ஒரு டெஸ்ட்ல வந்திருக்குண்ணே. தோல்ல கேன்சர் வரக்கூடிய ஜீன். அப்பாகிட்டேருந்து வந்திருக்கலாம். உங்களுக்கும் இருக்கலாம். லீவு முடிஞ்சதும் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அப்பாவுக்கு இனிப்பு நீர் இல்லையா?"

"இனிப்பு நீர் இருந்துச்சு. அந்தப் புண்ணு என்னான்னு தெரியலண்ணே."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன் கால பாத்தியா நீ?" என்றார்.

நான் பார்க்கவில்லை. மூன்று வாரமாகக் குளிக்கும்போதுகூட என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மூத்தவர் இளையவள் காலைத் தொடுவதா என்று நான் பாதங்களை இழுத்துக்கொண்டேன்.

"சும்மா இரு" என்று அதட்டி, இரண்டு பாதங்களையும் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்றார்.

அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"கண்ணாடி போட்டுட்டுப் பாருங்கண்ணே" என்றேன். அவர் என் பாதங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து, புண்ணிருந்த காலை வெறுந்தரையில் ஊன்றிக் கண்ணாடி எடுக்க அறைக்குள் போனார். நான் பாதங்களை மடக்காமல், அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.